மின்சார பிக்கப், வீட்டு பேட்டரி, நடுவில் ஒரு சார்ஜர்

என்னிடம் இருக்கும் வண்டி ஃபோர்டு எஃப்-150 லைட்னிங், பெரிய பேட்டரி வகை. அதில் பயன்படுத்தக் கிடைப்பது 131 யூனிட். வீட்டில், கராஜின் உள்சுவரை ஒட்டிய ரேக்கில், 51.2 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் மூன்று. மூன்றும் சேர்ந்து 15.36 யூனிட். அவற்றுக்கு மேலே 6 கிலோவாட் இன்வெர்ட்டர். கரண்ட் போனால் முதலில் பேட்டரி தாங்க வேண்டும், அது தீர்ந்தால் வண்டி தாங்க வேண்டும் என்பதுதான் திட்டம். கேட்க எளிதாக இருக்கிறது. வண்டியில் இருக்கும் மின்சாரத்தை எந்த வழியாக வீட்டுக்குள் கொண்டுவருவது என்பதில்தான் சிக்கல் முழுக்க.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியை நான் வீட்டு வயரிங்கோடு இணைக்கவில்லை. அதன் 240 வோல்ட் அவுட்லெட்டில் ஒரு பேட்டரி சார்ஜரைச் செருகி, அந்தச் சார்ஜர் வழியாக வீட்டு பேட்டரியை நிரப்புகிறேன். கரண்ட் இல்லாத நேரம் முழுக்க வீடு இன்வெர்ட்டரில் மட்டுமே ஓடுகிறது. தண்ணீர் லாரி வந்தால் மாடித் தொட்டியை நிரப்பிவிட்டுப் போகும். சமையலறைக் குழாயை லாரியில் கொண்டுபோய் யாரும் மாட்டுவதில்லை.

வண்டியில் கிடைப்பது என்ன

9.6 கிலோவாட் அவுட்லெட் வசதி உள்ள வண்டியில் அந்த 9.6-உம் ஒரே இடத்தில் கிடைக்காது. பின்தொட்டியில் (பின்னால் சாமான் ஏற்றும் இடம்) இருக்கும் அவுட்லெட்டுகளில் அதிகபட்சம் 7.2 கிலோவாட், முன்பக்கப் பெட்டியில் அதிகபட்சம் 2.4. நமக்கு வேண்டியது பின்தொட்டியில் உள்ள 30 ஆம்பியர், 240 வோல்ட் அவுட்லெட். நான்கு முனை, செருகித் திருகினால் பூட்டிக்கொள்ளும் வகை. இரண்டு லைவ், ஒரு நியூட்ரல், ஒரு எர்த். லைவுக்கும் லைவுக்கும் இடையே 240, எந்த லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120.

30 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் மணிக்கணக்கில் ஓடும் சுமைக்கு 80 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அதாவது 24 ஆம்பியர், 5.76 கிலோவாட். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சார்ஜர் தேர்வு இதைச் சுற்றித்தான்.

அவுட்லெட்டே வேண்டாம், வண்டியின் சார்ஜிங் துளை வழியாகவே மின்சாரத்தைத் திருப்பி எடுக்கலாம் என்ற வழியும் உண்டு. புதிய யோசனை அல்ல அது. நிசான் லீஃப் காரிலிருந்து வீட்டுக்கு 6 கிலோவாட் எடுக்கும் பெட்டி ஜப்பானில் 2012-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே அதற்கான தேவையும் இருந்தது. லைட்னிங்குக்கும் 80 ஆம்பியர் சுவர் சார்ஜரும் தனி இன்வெர்ட்டர் பெட்டியும் சேர்ந்த ஏற்பாடு உண்டு. டெஸ்லா சைபர்டிரக் 11.5 கிலோவாட் வரை தரும். கரண்ட் போனால் எதையும் தொட வேண்டாம், வீடு முழுக்கத் தானாக மாறிக்கொள்ளும். அந்த வசதிதான் முக்கியம் என்பவர்கள் அதையே போட்டுக்கொள்ளட்டும், தவறே இல்லை. என் கணக்கு வேறு. ஏற்கெனவே பேட்டரியும் இன்வெர்ட்டரும் வீட்டில் இருக்கும்போது இரண்டாவதாக ஓர் இன்வெர்ட்டர் எதற்கு? அப்புறம், அந்த முறையில் வண்டி ராத்திரி பகலாக விழித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு என்ன செலவாகிறது என்று அளந்து பார்த்தேன்.

சும்மா இருப்பதற்கான செலவு

அவுட்லெட்டை ஆன் செய்து, எதையும் செருகாமல், இரவு முழுக்க வண்டியை அப்படியே விட்டேன். 12 மணி நேரத்தில் 3 சதவீதம் குறைந்திருந்தது. 131-இல் 3 சதவீதம் என்றால் 3.9 யூனிட், சராசரியாக 330 வாட். திரையில் சதவீதம் முழு எண்ணாகத்தான் தெரியும், ஒரு சதவீதம் என்பதே 1.3 யூனிட், ஆகவே இந்த அளவீட்டில் பிழை கணிசமாக இருக்கும். 300 வாட் என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஒரு பல்புகூட எரியாமல் 300 வாட் எங்கே போகிறது? வண்டியின் உயர் அழுத்த பேட்டரி வேலை செய்ய வேண்டுமென்றால் அதன் கான்டாக்டர்கள் (மின்சாரத்தால் இயங்கும் பெரிய சுவிட்சுகள்) மூடியபடி இருக்க வேண்டும். கணினிகள் விழித்திருக்க வேண்டும், அவற்றுக்கு 12 வோல்ட் தரும் மாற்றி ஓட வேண்டும், குளிர்விக்கும் திரவத்தின் பம்ப் அவ்வப்போது ஓட வேண்டும். இவற்றோடு 7.2 கிலோவாட் தரக்கூடிய இன்வெர்ட்டரும் சுமை இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கிறது. வண்டியைச் சொல்லிக் குற்றமில்லை. பெரிய கருவிகள் வேலை செய்யும் இடத்தில் ஓடுவதற்காகச் செய்த வசதி இது. ஒரு ஃப்ரிட்ஜுக்கு ராத்திரி முழுக்க 80 வாட் கொடுப்பதற்காகச் செய்ததல்ல.

வீட்டுப் பக்கம் என்ன வேண்டும் என்று கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தபோது, ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர், வைஃபை, விளக்குகள், அடித்தளத் தண்ணீரை இறைக்கும் பம்ப், வெப்பக்காற்று அடிக்கும் ஃபேன் எல்லாம் சேர்த்து நாள் சராசரி 500 வாட். ஒரு நாளைக்கு 12 யூனிட். ஏசியும் மின் அடுப்பும் இதில் இல்லை, வேண்டுமென்றே விட்டேன்.

வண்டியை நேராக வீட்டோடு இணைத்தால், 12 யூனிட்டோடு வண்டி சும்மா தின்னும் 7.2 யூனிட்டும் சேர்ந்து 19.2 ஆகிறது. சார்ஜர் வழியாகப் போனால், இன்வெர்ட்டர் இழப்பு, பேட்டரி இழப்பு, சார்ஜர் இழப்பு எல்லாம் கழித்து வண்டியிலிருந்து 14.6 யூனிட் எடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் வண்டி நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் விழித்திருக்கும், ஆகவே சும்மா செலவு 0.8 யூனிட்டோடு முடிந்துவிடுகிறது. மொத்தம் 15.4. வண்டியில் 20 சதவீதத்தை ஓட்டுவதற்கென்று ஒதுக்கிவைத்தால் மிச்சம் 105 யூனிட். முதல் முறையில் ஐந்தரை நாள் ஓடும், இரண்டாவது முறையில் ஏழு நாளுக்குக் கொஞ்சம் குறைவாக.

வழியில் இத்தனை இடத்தில் இழந்தும் சுற்றுவழிதான் சிக்கனம் என்பது காகிதத்தில் பார்த்தபோது எனக்கே நம்பிக்கையில்லாமல் இருந்தது. ஆனால் வீட்டுச் சுமை கூடக்கூட இந்த ஆதாயம் கரையும் என்பதையும் சொல்ல வேண்டும். சராசரி 2 கிலோவாட் ஓடும் வீட்டில், அந்த 300 வாட் ஒரு பொருட்டே இல்லை. அங்கே நேர்வழிதான் சரி. என் வீடு போலச் சிக்கனமாக ஓட்டுபவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும்.

நியூட்ரல் பிரச்சினை

இதுதான் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம், ஆகவே கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன்.

ஜெனரேட்டருக்காக முன்பே வைத்த இன்லெட் ஒன்று வீட்டில் உண்டு. மெயின் பிரேக்கரும் ஜெனரேட்டர் பிரேக்கரும் ஒரே நேரத்தில் ஆன் ஆகாதபடி தடுக்கும் இன்டர்லாக் தகடும் பேனலில் இருக்கிறது. அந்த இன்லெட்டில் வண்டியை மாட்டினால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசை. மெயினை அணைத்து, கேபிளைச் செருகித் திருகி, வண்டித் திரையில் அவுட்லெட்டை ஆன் செய்தேன். ஜெனரேட்டர் பிரேக்கரைக்கூட இன்னும் தொடவில்லை. பிறகு அதைத் தள்ளியதும் கராஜ் விளக்கு ஒரு கணம் மின்னியது, உடனே அணைந்தது, வண்டித் திரையில் எர்த் கசிவு என்று எச்சரிக்கை. எதிர்பார்த்ததுதான்.

காரணம் இது. வண்டியின் அவுட்லெட்டில் ஜிஎஃப்சிஐ பாதுகாப்பு இருக்கிறது. போன மின்னோட்டமும் திரும்பி வந்த மின்னோட்டமும் சமமா என்று பார்ப்பது மட்டும்தான் அதன் வேலை. 5 மில்லிஆம்பியர் அளவுக்கு வித்தியாசம் தெரிந்தாலே வெட்டிவிடும். (வீட்டில் இதே வேலையைச் செய்யும் ஆர்சிசிபி பொதுவாக 30 மில்லிஆம்பியரில் வெட்டும். இது அதைவிடக் கண்டிப்பு.) வண்டி தன்னளவில் முழுமையான மின்மூலம் என்பதால் அதன் நியூட்ரலும் வண்டியின் உடம்பும் உள்ளே இணைக்கப்பட்டிருக்கின்றன. வீட்டு மெயின் பேனலிலும் நியூட்ரலும் எர்த்தும் இணைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டையும் நான்கு கம்பிக் கேபிளால் சேர்த்தால், விளக்கிலிருந்து திரும்பும் மின்னோட்டத்துக்கு இரண்டு பாதை கிடைக்கிறது: பாதி நியூட்ரல் கம்பியில், பாதி எர்த் கம்பியில். ஜிஎஃப்சிஐ பார்வையில், போனதில் பாதி காணாமல் போய்விட்டது. வெட்டத்தான் செய்யும். அது சரியாகவே வேலை செய்கிறது.

இதற்கு இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் யோசனை, கேபிளில் எர்த் கம்பியைக் கழற்றிவிடுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். கசிவு உண்மையாகவே நடக்கும் நாளில் அந்தக் கம்பிதான் வேண்டும். முறையான தீர்வு, இரண்டு லைவோடு நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் மூன்று முனை சேஞ்ச்ஓவர் சுவிட்ச். அப்போது வண்டியின் மின்சாரத்தில் ஓடும் வீட்டு சர்க்யூட்டுகளின் நியூட்ரல் மெயின் பேனலின் இணைப்பிலிருந்து முழுதாகப் பிரிந்துவிடும், எர்த்தோடு சேரும் இடம் வண்டியில் மட்டுமே இருக்கும். நேர்வழியில் போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

நடுவழி ஒன்றும் உண்டு. ஹைப்ரிட் இன்வெர்ட்டர்களில் ஜெனரேட்டருக்கென்று ஒரு ஏசி இன்புட் இருக்கும், அதில் வண்டியைக் கொடுத்தால் என்ன என்று தோன்றும். பல இன்வெர்ட்டர்களில் இன்புட் நியூட்ரலும் அவுட்புட் நியூட்ரலும் உள்ளே ஒரே கம்பிதான். ஆக, வீட்டுப் பேனலின் நியூட்ரல்-எர்த் இணைப்பு இந்த வழியாகவும் வண்டிக்குத் தெரியும், ஜிஎஃப்சிஐ மறுபடி வெட்டும். அதோடு, ஜெனரேட்டர் வந்ததும் இன்வெர்ட்டர் வீட்டுச் சுமையை அப்படியே அதன் தலையில் தூக்கி வைத்துவிடும். பம்ப் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டம் ஓடும்போது இருப்பதைப் போல ஐந்தாறு மடங்கு. பேட்டரியும் நிரம்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் அது நடந்தால் வண்டி தன் வரம்பைத் தாண்டி எல்லா அவுட்லெட்டையும் அணைத்துவிடலாம்.

தனி சார்ஜர் இந்த இரண்டு தொல்லையையும் ஒரேயடியாகத் தீர்க்கிறது. 240 வோல்ட்டில் ஓடும் சார்ஜருக்கு இரண்டு லைவும் எர்த்தும் போதும், நியூட்ரல் முனையில் எதுவுமே மாட்டவில்லை. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் ஏசி பக்கத்துக்கும் பேட்டரி பக்கத்துக்கும் மின்தொடர்பே கிடையாது. வீட்டு நியூட்ரல் எங்கே எர்த்தோடு சேர்கிறது என்பது வண்டிக்குத் தெரியவே வழியில்லை. 230 வோல்ட் ஒரு லைவ், ஒரு நியூட்ரல் முறை இருக்கும் இடங்களில் சார்ஜருக்கு நியூட்ரல் வேண்டும்தான், ஆனாலும் அது சார்ஜருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது, ஆகவே அங்கும் இந்த ஏற்பாடு வேலை செய்யும். ஹூண்டாய் அயோனிக் 5 போல 3.6 கிலோவாட் தரும் கார் வைத்திருப்பவர்கள் சார்ஜரை 3 கிலோவாட்டுக்குக் குறைத்து வைத்தால் போதும், மற்றதெல்லாம் இதேதான்.

சார்ஜரும் கேபிளும்

நான் எடுத்தது 48 வோல்ட் பேட்டரிக்கான 100 ஆம்பியர் சார்ஜர், உச்சம் 5 கிலோவாட். வண்டியிலிருந்து அது இழுப்பது 5.4 கிலோவாட், 22 ஆம்பியர் சொச்சம். மேலே சொன்ன 24-க்குள் அடங்குகிறது. இதைவிடப் பெரிய சார்ஜர் எடுத்திருந்தால் பேட்டரி சீக்கிரம் நிரம்பும் என்பதைத் தவிர ஆதாயமில்லை. அவுட்லெட்டும் பிளக்கும் சூடேறும்.

வண்டியிலிருந்து சார்ஜர் வரை 15 மீட்டர் ரப்பர் கேபிள், 10 கேஜ், சதுர மில்லிமீட்டர் கணக்கில் 5-க்குச் சற்று மேல். இந்த நீளத்துக்கு வோல்டேஜ் இறக்கம் 2 வோல்ட் அளவுதான், கவலையில்லை. ஆனால் பாதிக் கேபிளைச் சுருட்டியபடியே தரையில் விட்டு ஓட்டக் கூடாது. சுருளுக்குள் சூடு வெளியேற இடமில்லாமல் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். முழுதாக விரித்துப் போட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடு, அவ்வளவுதான் இருக்க வேண்டும்.

சார்ஜரில் வைத்த வோல்டேஜ் 55.6. பதினாறு செல்லுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 3.475. இதற்கு மேல் ஏற்றிக் கிடைப்பது சொற்பம். 100 ஆம்பியர் மூன்று பேட்டரிக்குப் பிரிந்து ஆளுக்கு 33 ஆம்பியர். 100 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது சுகமான வேகம். எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை வோல்ட்மீட்டரைப் பார்த்துச் சொல்ல முயலாதீர்கள். இந்த வகை பேட்டரி 20 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரை 51-க்கும் 53-க்கும் இடையிலேயே நின்றுகொண்டிருக்கும். நெகட்டிவ் கம்பியில் மின்னோட்டத்தை அளக்கும் ஷன்ட் வைத்து, போனது வந்தது கணக்குப் பார்ப்பதுதான் வழி.

டிசி பக்கத்தில் பேட்டரியை அடுத்து கிளாஸ்-டி (Class T) ஃபியூஸ். இந்த பேட்டரிகள் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். சாதாரண கார் ஃபியூஸ் உருகினாலும் உள்ளே நெருப்புப்பொறி அறுபடாமல் தொடரும். கிளாஸ்-டி அதை வெட்டக்கூடியது. இன்வெர்ட்டரை முதல் முறை இணைக்கும்போது உள்ளே காலியாக இருக்கும் கெப்பாசிட்டர்கள் ஒரே மூச்சில் இழுக்கும், பளிச்சென்று பொறி பறக்கும். ஆகவே முதலில் ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சில நொடி ஊட்டிவிட்டு அப்புறம் சுவிட்சைப் போட வேண்டும்.

எல்லா போல்ட்டையும், குறித்த விசைக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கினேன். இறுக்கமாக இருப்பதும் நன்றாகக் கடத்துவதும் ஒன்றல்ல என்பதால் இன்னொரு சோதனையும் செய்வது என் வழக்கம். 100 ஆம்பியர் ஓடவிட்டு, மல்ட்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளைக் கேபிள் நுனியின் உலோக முனையான லக்கின் மேலும் மறுமுள்ளை, கேபிள்கள் வந்து சேரும் உலோகப் பட்டையான பஸ்பாரின் மேலும் வைத்து, மூட்டு மூட்டாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் 2, 3, 4 மில்லிவோல்ட் என்று வந்தது. சார்ஜரின் பாசிட்டிவ் லக்கில் மட்டும் 31. கையால் தொட்டால் பக்கத்து லக்கைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பு, வேறு எந்த அடையாளமும் இல்லை. 31 மில்லிவோல்ட், 98 ஆம்பியர் என்றால் அந்த ஒரு மூட்டில் 3 வாட். சிறிய எண்தான், ஆனால் தானாகக் குறையாது; சூடேறி ஆறி ஆறி மூட்டு தளரும், எண் ஏறும். அணைத்துவிட்டுக் கழற்றிப் பார்த்தேன். தயாராக வந்த கேபிளில், லக்கின் கழுத்தில் சுருங்கும் சிவப்பு உறை அரை மில்லிமீட்டர் அளவுக்குத் தட்டையான பகுதியில் ஏறியிருந்தது. போல்ட் இறுகும்போது அந்த ஓரம் பஸ்பாருக்கும் லக்குக்கும் இடையே மாட்டிக்கொண்டு லக்கைச் சாய்த்து வைத்திருக்கிறது. பிளேடால் உறையை நறுக்கி, இரண்டு முகத்தையும் தேய்த்துத் துடைத்து மறுபடி முறுக்கியதும் 3 மில்லிவோல்ட். இந்தச் சோதனைக்கு ஆகும் நேரம் பத்து நிமிடம்கூட இல்லை. இன்ஃப்ராரெட் வெப்பமானி வைத்திருப்பவர்கள் அதை நம்பியே இருந்துவிடுகிறார்கள். பளபளக்கும் உலோகத்தில் அது சரியாகக் காட்டாது.

ஓட்டிப் பார்த்தது

ஒரு வார இறுதியில் மெயினை அணைத்துவிட்டு வீட்டை அப்படியே ஓட்டினோம். வீட்டில் இருப்பவர்களுக்குச் சொன்னது ஒன்றுதான்: மின் அடுப்பு, துணி உலர்த்தி, ஏசி கிடையாது, மற்றதெல்லாம் வழக்கம்போல.

இரவு முழுக்க இன்வெர்ட்டர் மட்டும். விடியும்போது பேட்டரி 50 சதவீதச் சொச்சத்தில் நின்றது. மாலைக்குள் 20-ஐ நெருங்கியதும் வண்டியைப் பின்னால் நகர்த்தி, கேபிளைச் செருகி, திரையில் அவுட்லெட்டை ஆன் செய்தேன். சார்ஜர் மெதுவாக ஏறி ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்கு வந்தது. வண்டியிலிருந்து 5.35 கிலோவாட் போகிறது, பேட்டரிக்கு 5.0 கிலோவாட் வருகிறது. 93 சதவீதம். நிரம்பும் வரைக்கும் வண்டி பார்த்தது இந்த ஒரே சீரான சுமைதான். நடுவில் பம்ப் கிளம்பியது, ஃப்ரிட்ஜ் கிளம்பியது, எல்லா உதறலையும் இன்வெர்ட்டரே வாங்கிக்கொண்டது. குறை என்றால் சார்ஜரின் ஃபேன் சத்தம். கராஜில் நின்று பேச முடியாது. தூங்கும் அறைக்குப் பக்கத்துச் சுவரில் இதை மாட்டிவிடாதீர்கள்.

வெந்நீருக்கு ஒரு சின்ன வழி கிடைத்தது. 4.5 கிலோவாட் ஹீட்டரை பேட்டரி வழியாக ஓட்டுவது வீண். இரண்டு மூன்று இடத்தில் இழந்துதான் அது தண்ணீருக்குப் போய்ச் சேரும். ஆனால் அந்த ஹீட்டரும் 240 வோல்ட்டில் இரண்டு லைவில் மட்டும் ஓடுவது, நியூட்ரலே கிடையாது. ஆகவே ஜிஎஃப்சிஐ தொல்லை இல்லாமல் வண்டியிலிருந்தே நேராக ஓட்டலாம். ஹீட்டர் சர்க்யூட்டுக்கு மட்டும் ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்ச்: மேலே தள்ளினால் வீட்டுப் பேனல், கீழே தள்ளினால் வண்டி. 150 லிட்டரை 25 டிகிரி உயர்த்த 4.4 யூனிட், ஒரு மணி நேர வேலை. சார்ஜரும் ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடினால் 9.9 கிலோவாட், பின்தொட்டி தருவது 7.2தான், ஆகவே முதலில் பேட்டரி, அது நிரம்பியதும் ஹீட்டர். ஹீட்டரின் காயில் பழையதாகி உள்ளே ஈரம் கசிய ஆரம்பித்திருந்தால் வண்டி உடனே வெட்டிவிடும். வீட்டு பிரேக்கரில் பல வருடம் தெரியாமலே ஓடியிருக்கும்.

மெயின் பேனலில் கை வைக்கும் வேலை எதையும் நான் செய்யவில்லை. சேஞ்ச்ஓவர் சுவிட்சும் இன்வெர்ட்டர் இணைப்பும் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் செய்தவை, அனுமதியும் வாங்கித்தான். இரண்டு பக்கமும் ஆண் முனை வைத்த கேபிளால் சுவர் சாக்கெட்டில் வண்டியைச் செருகுவது என்ற யோசனையை யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பின்னோக்கிப் போகும் மின்சாரம் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் உயர் அழுத்தமாகி, கம்பத்தில் வேலை செய்பவரைக் கொல்லும்.

வண்டி வீட்டில் இல்லாதபோது

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது சிக்கனம்கூட அல்ல, வண்டியைக் கழற்றிக்கொண்டு போகலாம் என்பதுதான். நேர்வழி இணைப்பில் வண்டி கிளம்பினால் வீடு இருண்டுவிடும். கரண்ட் இல்லாத நாளில்தான் மருந்துக்கும் பாலுக்கும் வண்டி அதிகம் தேவைப்படுகிறது.

40 கிலோமீட்டர் தள்ளி கரண்ட் இருக்கும் பகுதியில் ஒரு வேக சார்ஜர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். யூனிட்டுக்கு 3 கிலோமீட்டர் என்ற கணக்கில் போய்வர 27 யூனிட். 15 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற்ற முக்கால் மணி நேரம், 85 யூனிட் ஏறும். திரும்பிவரும் வழியில் 13 போக, வீட்டு வாசலில் புதிதாக 70 யூனிட்டுக்கு மேல் நிற்கும். என் கணக்கில் நாலரை நாள் மின்சாரம். அதுவரை வீட்டு பேட்டரி நிரம்பியிருந்தால் ஏறக்குறைய ஒரு நாள் தனியாகத் தாங்கும், ஆகவே அவசரமே இல்லை, சார்ஜரில் வரிசை இருந்தாலும் காத்திருக்கலாம். வீட்டு பேட்டரி ஒன்று மட்டும் இருந்திருந்தால் இந்தக் கணக்கு சரிவராது. 5 யூனிட்டை நம்பி வீட்டை விட்டு வெளியே போனால் மனம் நிலைகொள்ளாது. மூன்று என்பது எனக்கு அதனால்தான் வந்த எண்.

பாக்கி வேலை இரண்டு. இந்த பேட்டரிகளை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதமாகும். பேட்டரியின் உள்கட்டுப்பாடு அதைத் தடுத்துவிடும் என்றாலும், தடுத்தால் சார்ஜ் ஆகாது, அந்த நேரத்தில்தான் கரண்ட் போயிருக்கும். ரேக்கைச் சுற்றி தெர்மோகோல் பலகை அடித்து, அடியில் 12 வாட் வெப்பத் தகடுகளைத் தெர்மோஸ்டாட்டோடு வைக்க வேண்டும். இன்னொன்று, வண்டியின் அவுட்லெட்டைத் திரையில் கையால்தான் ஆன் செய்ய முடிகிறது, பேட்டரி குறைந்ததும் தானாக ஓட ஆரம்பிக்க வழியில்லை. ஷன்ட் மானிட்டரில் ஒரு ரிலே இருக்கிறது. பேட்டரி 25 சதவீதத்தைத் தொட்டதும் கூடத்தில் பஸ்ஸர் அடிக்கும்படி அதில் கம்பி இழுத்துக்கொண்டிருக்கிறேன்.